பதினான்கு உருண்டைகள்

ஹிலாரியோவைப் பதினான்கு உருண்டைகளால் செய்தேன்.
தலைக்கு ஒன்று. மார்புக்கு மூன்று.
கைகளை உடலோடு ஒட்டியே வைத்தேன்,
விரித்தால் கணக்குக்கு நேரம் கூடும்.
எடை எழுபத்தெட்டு கிலோ, காலணியோடு.
காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் இருந்தது.

ரொசாரியோவில், இந்த ஜன்னலுக்கு
பரானா ஆறு ஒரு பழுப்புக் கோடு.
மூடுபனி நாளில் அதுவும் இல்லை,
சரக்குக்கு வரிசை நிற்கும் கப்பல்களின் விளக்கு மட்டும்.

முதலில் மக்காச்சோளம்.
ஒரு மூட்டை வாங்கி ஆய்வகத் தரையில் கொட்டினேன்.
குவியல் இருபத்தாறு பாகைச் சரிவில் நின்றது.
திரையில் கொட்டினேன்: பதினேழு.
என் மணிகள் மிக உருண்டை, மிக நல்லவை,
ஒன்றையொன்று தடுக்கத் தெரியாதவை.
உராய்வைக் கூட்டினேன்.
உருளத் தயங்கும் குணம் ஒன்றைச் சேர்த்தேன்.
ஒரு வாரம் இப்படி
மணிகளுக்குப் பிடிவாதம் கற்றுக்கொடுத்தேன்.
எவரிஸ்தோ மாதே உறிஞ்சியபடி கேட்டான்:
"இன்னும் பள்ளிக்கூடம் விடலையா?"

இருபத்தொரு லட்சம் மணிகள்.
ஒவ்வொன்றும் தன்னைத் தொடுபவரை மட்டும் அறியும்,
ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர்.
நொடியை இரண்டு லட்சமாக நறுக்கி
ஒவ்வொரு துணுக்கிலும் அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும்:
யார் உன்மேல் சாய்கிறார், எவ்வளவு.
திரையில் நாற்பது நொடி நகர
இங்கே மூன்று இரவு.

கோப்பு சொன்னது:
அடிவாயில் நண்பகல் முதல் மூடியே இருந்தது.
தொழிலாளி அனுமதியின்றி மேலே நடந்து புதைந்தார்.

மூடிய வாயிலோடு ஓட்டினேன்.
கணுக்கால் வரை இறங்கி நின்றான்.
நாற்பது நொடியும் நின்றான்.
குதிக்கவைத்தேன். முழங்கால்கூட நனையவில்லை
என்று எழுத வந்தது, அடித்தேன், தானியம் நனைக்காது.
அசையாத தானியம் தரைதான்.
ஒரு மணி அடுத்ததிடம் பாரத்தைத் தள்ளிவிட,
அது அடுத்ததிடம்,
கடைசியில் பேசாமல் சுவர் வாங்கிக்கொள்கிறது.

வாயிலைத் திறந்தேன்.
நடுவில் ஒரு குழி.
நாலாம் நொடி முழங்கால்.
ஒன்பதில் இடுப்பு.
அதற்குமேல் ஆறு ஆள் சேர்ந்து இழுத்தாலும் வராது.
இருபத்திரண்டில்
தலைக்கு வைத்த அந்த ஒன்று.

ஓடும் மணி சிவப்பு, நிற்கும் மணி நீலம்.
அவனுக்கு நிறம் கொடுக்க மறந்திருந்தேன்.
சாம்பலாகவே இறங்கினான்.

முதலாளியின் வழக்கறிஞர் தொலைபேசியில் தேனாகப் பேசினார்:
"பொறியாளர் பெர்னாஸ்கோனி, மாதிரிதானே இது.
அந்த உராய்வு எண்ணைச் சற்றே குறைத்தால்?"
குறைத்தேன். ஆம், குறைத்துப் பார்த்தேன்.
பாதி. கால். நின்றுகொண்டேதான் இருந்தான்.
பூஜ்யத்தில்தான் மூழ்கினான்.
அப்படியொரு சோளம் எந்த வயலிலும் விளையாது,
கொட்டினால் குவியாது,
தண்ணீரைப்போல் கதவிடுக்கில் ஓடிவிடும்.
சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைப்பதற்கே
நிறையச் சோறு வேண்டும்.

பதினோராம் பக்கத்தில் எழுதினேன்:
வாயில் திறந்திருந்தாலன்றி இது நிகழ்ந்திருக்க இயலாது.
யார் திறந்தது என்று மணிகளுக்குத் தெரியாது.
தொட்டதை மட்டும் அறிபவை அவை.
சுவிட்சைத் தொட்ட விரல்
அவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

வெள்ளி மாலை அனுப்பிவிட்டேன்.
கிளம்பும் முன்
மூடிய வாயிலோடு இன்னொரு முறை ஏற்றினேன்.
அறிக்கைக்குத் தேவையில்லை.
வெள்ளி, சனி, ஞாயிறு: நாற்பது நொடி.

திங்கள் காலை
விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.
கணுக்கால் வரை, கைகளை ஒட்டிவைத்தபடி
நின்றுகொண்டிருந்தான்.
இது எந்தக் கணக்கில், என்றான் எவரிஸ்தோ.
மாதேவுக்கு வெந்நீர் வைக்கப் போனேன்.